மடியில் ஏறிய தொட்டி

காலையில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பள்ளிக்குப் போனபோது சம்ரீனுக்குக் கை மட்டும்தான் வலித்தது. சாயங்காலம் அதே தொட்டியோடு சத்திரம் பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் ஏறியபோது கை, கால், மனசு எல்லாமே வலித்தன.

தொட்டியில் செருகிய அட்டையில் லூர்துராணி டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "செடி நன்று. பூக்கவில்லை."

'வாசனைப் பூ வளர்த்துக் கொண்டுவாங்க' என்று பள்ளியில் விதை கொடுத்து இரண்டு மாதம் ஆயிற்று. சம்ரீனுக்குக் கிடைத்தவை மிளகு மாதிரி கறுத்த விதைகள். பொட்டலத்தில் பேர்கூட இல்லை. செடி மளமளவென்று வளர்ந்து மொட்டும் விட்டது. ஆனால் காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் கூம்பிக் கிடக்கும். சில வாடித் தொங்கும்.

பள்ளி விட்டதும் அவளுக்கு மதரஸா. வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும்; அதற்குமேல் மாடிக்குப் போவதில்லை. அம்மா ஷஹனாஸ் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவர். மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பதால் காலையில் குடத்தோடு மூன்று மாடி ஏறுவதும் அவர்தான்.

"இன்னிக்குக் காட்டிட்டு யாருக்காவது குடுத்துடும்மா. இனிமே என்னால தண்ணி சுமக்க முடியாது" என்று காலையில் சொல்லிவிட்டார். பூத்திருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம். பூக்காத செடிக்கு என்ன சொல்லிக் கெஞ்சுவது?

வகுப்பில் ஜெஸ்வின், "நகத்தால பிரிச்சு விடு, விரிஞ்சிடும்" என்றான். ஒன்றைப் பிரித்தாள். கிழிந்தது. மற்றவற்றைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று மதரஸாவுக்கு லீவு. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியவர் லூர்துராணி டீச்சர். தோளில் பை, கையில் நோட்டுக்கட்டு. கம்பியைப் பிடித்தபடியே அவருக்குக் கண் சொருகியது.

சம்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'பூக்கவில்லை'ன்னு எழுதத் தெரிஞ்சுதுல்ல, நிக்கட்டும்!

பஸ் குலுங்கியது. டீச்சர் தடுமாறினார். சம்ரீனுக்கு அம்மாவின் வீங்கிய கால் நினைவுக்கு வந்தது.

"மிஸ், இங்க உட்காருங்க."

"தொட்டியோட எப்படிம்மா நிப்ப?"

"நீங்க வாங்கிக்குங்க மிஸ்."

உட்கார்ந்தவர் நிற்பவரின் சுமையை மடியில் வாங்கிக்கொள்வது நம் ஊர் பஸ்ஸில் எழுதாத சட்டம். டீச்சரும் வாங்கிக்கொண்டார். இரண்டே நிமிடத்தில் தூங்கியும் போனார்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மணி ஐந்தரை. வியர்வைக்கும் டீசல் புகைக்கும் நடுவே எங்கிருந்தோ இனிப்பாக ஒரு வாசனை வந்தது.

"யாருங்க அது, சென்ட் பாட்டிலைக் கவுத்தது?" என்று கத்தினார் கண்டக்டர்.

டீச்சர் திடுக்கிட்டு விழித்தார். மூக்குக்கு நேரே இளஞ்சிவப்பில் ஏழு பூக்கள்!

"அட, அந்திமந்தாரை! இது சாயங்காலம்தான் பூக்கும். காலையில பாத்துட்டு எழுதினது என் தப்புதாம்மா."

சம்ரீன் குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப தினமும் பூத்திருக்கு மிஸ். பாக்கத்தான் யாரும் வீட்ல இல்லை."

டீச்சர் பேனாவை எடுத்து, கடைசி வார்த்தையை அடித்துவிட்டு, 'பூத்தது. நல்ல வாசனை' என்று எழுதினார். பிறகு வெளியே பார்த்து, "ஐயையோ, பாலத்துக்கு முன்னாடியே மாம்பழச்சாலையில இறங்கணுமே நான்!" என்றார். பஸ்ஸே சிரித்தது.

சத்திரத்தில் இறங்கிய சம்ரீன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அம்மாவின் கடைக்குப் போனாள். அம்மா புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் குடுக்கலையா?"

"அம்மா, மோந்து பாருங்க."

அம்மா குனிந்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை.

"தண்ணி?" என்றார் மெதுவாக.

"ஸ்கூல் பாட்டில்ல தினமும் பாதி மிச்சம் வருதும்மா. இனிமே நானே ஊத்திக்கறேன். தொட்டி கீழ வாசல்லயே இருக்கட்டும்."

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு, தொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.