கண் இழந்த எழுத்துகள்

தர்மபுரியில் சகாயராணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு மோனிஷா வந்தபோது, அவள் கையில் சாக்கில் சுற்றிய ஓர் இரும்புத் தகடு இருந்தது. மாரண்டஹள்ளியில் திறக்கவிருக்கும் கல்யாண மண்டபத்தின் முகப்புக்காக அவள் புதிதாக வரைந்த எழுத்துரு, ஒவ்வொரு முனையிலும் கொடிபோல் சுருண்டு, அந்தத் தகட்டில் வெட்டப்பட்டிருந்தது. சுவரில் வைத்துப் பெயிண்ட் அடித்தால் பெயர் பதியும்.

சகாயராணி தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். எந்தச் சுழிக்குள்ளும் உள்துண்டு இல்லை. அந்தத் துண்டைக் கண் என்பார்களாம். மெல்லிய பாலம் ஒன்றுதான் அதைத் தகட்டோடு பிடித்திருக்குமாம். பாலங்களை யாரோ குறட்டால் நறுக்கியிருந்தார்கள். இனி அடித்தால் சுழிகளெல்லாம் வெறும் பெயிண்ட் திட்டுகள்தான்.

தகடு இருந்த மண்டபக் கிடங்குக்குள் மூவர் போய்வந்தார்கள்: மண்டபக்காரர் சந்திரமோகன், தகடு வெட்டிய பிரபாகர், மோனிஷாவோடு சேர்ந்து டிசைன் கடை நடத்தும் தோழி யுவராணி. உதவியாளன் அருள்குமார் உடனே பிரபாகர்தான் என்றான்.

"மெஷின் வச்சிருக்கறவன் குறடு எடுப்பானா?" என்றார் சகாயராணி.

என்ன சேதமென்று மோனிஷா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தகடு கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லி, மூவரையும் மண்டபத்துக்கு வரவழைத்தார் சகாயராணி.

சாக்கு பிரிக்கப்படாமல் மேசைமேல் இருந்தது. மழை ஒழுகித் துருப்பிடித்ததோ என்று சந்திரமோகன் கேட்டார். வளைந்திருந்தால் நிமிர்த்தித் தருவதாகப் பிரபாகர் சொன்னான். யுவராணி மோனிஷாவின் தோளைத் தொட்டாள்.

"வுடு மோனி. கண்ணெல்லாம் புதுசா வெட்டி வெல்டு வச்சுக்கலாம்."

"கண்ணு போச்சுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?" என்றார் சகாயராணி.

இந்த மாதிரித் தகட்டில் முதலில் உடைவது கண்தானே, ஊகித்தேன் என்றாள் யுவராணி.

"சரிங்க. தானா உடைஞ்சா துண்டு அங்கயே கெடக்கும், அதையே ஒட்டிக்கலாம். புதுசா வெட்டணும்னு சொன்னீங்க. துண்டு காணாமப் போனது எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்."

யுவராணி கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். இரும்புக் கண்கள் மேசைமேல் சிதறின.

அவளும் மோனிஷாவும் ஒன்றாகப் படித்தவர்கள். மண்டப முகப்புக்கு இருவரும் மாதிரி வரைந்து தந்தார்கள். சந்திரமோகன் மோனிஷாவுடையதைத் தேர்ந்தெடுத்தார்.

"நல்லால்லைன்னு யாராச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன்," என்றாள் யுவராணி. "ஒருத்தரும் சொல்லல. எனக்கே புடிச்சிருந்துச்சு. அதான் தாங்கல. வீசிடலாம்னு எடுத்தேன், அதுவும் முடியல."

போலீசில் சொல்லலாமா என்று சந்திரமோகன் கேட்டார். வேண்டாமென்று தலையசைத்த மோனிஷா, துண்டுகளைக் கூட்டிப் பிரபாகரிடம் கொடுத்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"கடைச் சாவியக் குடுத்துட்டுப் போ யுவா."