மண் படிந்த மூடி

பகல் 2.40. வெங்காயக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். தள்ளாடினாள், என்னவோ உளறினாள், வாந்தியெடுத்துக் குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

3.50. விஷம் என்று புருஷன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். வைத்தவள் தன் தம்பி பெண்டாட்டி என்றும் எழுதினான். காலையில் ஓரகத்திகள் இருவரும் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டிருந்தது. "செத்துத் தொலை" என்று சின்னவள் கத்தியிருக்கிறாள். பெரியவளின் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

4.30. எஸ்.ஐ. அம்மா ஏட்டோடு காட்டுக்கு வந்தார். செடி முழங்கால் உயரம்கூட இல்லை. மறைவுக்கு ஒரு மரம் கிடையாது. பக்கத்திலேயே பஸ் ரோடு. வரப்பில் களையெடுக்கும் பெண்களின் பதினோரு பாட்டில்கள். பச்சை மூடி போட்டது செத்தவளுடையது. கழுத்து வரை தண்ணீர். மூடியின் இடுக்கில் அப்பிய புழுதி உதிராமல் இருந்தது.

கேஸ் முடிந்த மாதிரிதான் என்று ஏட்டு அதை உறையில் போட்டார். எஸ்.ஐ. மற்ற பத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாமே கனத்தன.

காட்டில் வேலை வாங்கும் மேஸ்திரி தன் பக்கம் சுத்தம் என்றான். தண்ணிக்குக் குறை வைத்ததில்லை, கக்கூஸ்கூட கட்டியாயிற்று, போன மாதம் ஆபீசர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காட்டு மூலையில் நின்றது அது. புதுக் கதவு, புதுப் பூட்டு. சாவி அவன் இடுப்பில். திறக்கச் சொன்னார். உள்ளே கூரை வரை உர மூட்டை. வெளியே வைத்தால் திருடிவிடுவார்களாம்.

6.10. ஸ்டேஷன் பெஞ்சில் சின்னவள். அவளும் அதே காட்டில்தான் களையெடுக்கிறாள்.

"காலையில என்ன சண்டை?"

"அக்காவுக்கு நாலு நாளா நீர்க்கடுப்பு. தண்ணி குடின்னா குடிக்கல. இப்படியே குடிக்காம செத்துத் தொலைன்னேன்."

"நீ கடைசியா எப்ப குடிச்ச?"

அவள் ஏட்டைப் பார்த்தாள். அவர் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"நேத்து ராத்திரி."

எஸ்.ஐ. பேனாவை மூடினார். பந்தோபஸ்து நாட்களில் அவருடைய பாட்டிலும் நிரப்பியது நிரப்பியபடியே வீடு திரும்பும்.

7.00. டாக்டர் போன் செய்தார். விஷத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை. கொண்டுவந்தபோது உடம்பு நூற்றேழு டிகிரி. மூத்திரப் பையில் ஒரு சொட்டு இல்லை.

எஸ்.ஐ. மேஸ்திரியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"பதினோரு பாட்டில்லயும் தண்ணி அப்படியே இருக்கு. குடிச்சா போகணும். போக இடமில்ல. அவ செத்தது உன் பூட்டாலதான்யா."

"கேட்டிருந்தா மூட்டைய எடுத்துட்டுச் சாவியக் குடுத்திருப்பேனே மேடம். ஒருத்தியும் கேக்கலையே."

அவன் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் எஸ்.ஐ.க்குத் தாங்கவில்லை. ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று சின்னவள் பெஞ்சிலிருந்தே சொன்னாள். கட்டிய முதல் வாரம். எத்தனை நிமிஷம் ஆகும் என்று இவன் காடு முழுக்கக் கேட்கக் கத்தினான், ஆம்பளைகள் சிரித்தார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

சின்னவளை அனுப்பிவிட்டார்கள். எந்தப் பிரிவில் எழுதுவது என்று ஏட்டு கேட்டார். எஸ்.ஐ. மேலே போன் போட்டார். கக்கூஸ் இருப்பதாக ஆபீசரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, இதில் குற்றம் எங்கே இருக்கிறது, வெயில் என்று எழுதி முடியுங்கள் என்றார்கள். வெயில் என்று எழுதினார்.

நாலாம் நாள் காலை 6.20. சின்னவள் வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க வந்தாள். கையில் பாட்டில், கழுத்து வரை. எஸ்.ஐ. ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். கை டம்ளர் வரை போனது.

"மூட்டைய எடுத்துட்டானா?"

"இல்லம்மா."

டம்ளரை மேஜை நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனாள்.