தகப்பன் கெளுத்தி

மீன்காரியின் மகள் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. மீன்காரியின் புருஷன் இன்றும் சோற்றைத் தொடவில்லை. கன்னம் இரண்டும் புடைக்க, உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குக் கெளுத்தி பிடிக்கத் தகப்பனும் மகளுமாகப் போனார்கள். படகில் அவன் மட்டும் திரும்பினான். அன்று மூடிய வாய். போலீஸ் கேட்டது, ஊர் கேட்டது. ம்ஹூம்.

"நான் பெத்தவய்யா! உசிரோட இருக்காளா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!"

அவன் மூக்கு வழியாக மூச்சு மட்டும் விட்டான். மீன்காரிக்கு மீன் வாடை புதிதில்லை. ஆனால் இது கூடையில் செத்துக் கிடக்கும் மீனின் வாடை இல்லை. சேறும் உப்பும் கலந்த, உயிரோடு நீந்துகிற மீனின் வாடை.

கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரிக்கும்வரை பட்டினி கிடக்கும். அந்தப் பருவத்தில் துறையில் அவளுக்கு ஒரே வேலை, தாடை மூட்டைக் கட்டைவிரல்களால் அழுத்தி, வாயைத் திறந்து, ஓர் உலுக்கு. முட்டைகள் கோலிக்குண்டுகளாக மணலில் உருளும். மீன் கூடைக்குப் போகும்.

"பாவம்மா, அதுவும் ஒரு அப்பாதானே, விட்டுடேன்" என்பாள் மகள். தேன் நிறக் கண் அவளுக்கு. ஊரே பூனைக்கண்ணி என்றுதான் கூப்பிடும்.

"பாவம் பார்த்தா உலை கொதிக்காது, போடி!" என்று சிரித்தவள் இவள்தான்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. தெருவில் ஆளரவமே இல்லை. அந்த அமைதியில்தான் அவளுக்கு அது கேட்டது, அவன் மூடிய வாய்க்குள் எதையோ மெல்ல, பத்திரமாகப் புரட்டுகிற சத்தம்.

களக். களக்.

எழுந்தாள். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. அவன் சுவரோடு ஒடுங்கினான். வேண்டாம் என்று தலையாட்டினான். கண்ணில் கெஞ்சல்.

அவள் கட்டைவிரல்கள் தாடை மூட்டைத் தாமாகவே கண்டுகொண்டன. அழுத்தின.

வாய் திறந்தது.

நாக்கு தெரியவில்லை. முட்டைகள். வழவழவென்று, வாய் நிறைய. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண். தேன் நிறக் கண். எல்லாம் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.

நிறுத்தியிருக்கலாம். இருபது வருஷப் பழக்கம். கை உலுக்கிவிட்டது.

"இன்னும் ரெண்டே நாள்டி" என்றான் அவன், காலியான வாயால். "வந்திருப்பா."

முட்டைகள் உருண்டு வாசல் வெயிலில் போய் நின்றன. ஒவ்வொரு கண்ணாக வெளுத்தது. கடைசிக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.