நாற்பத்தோராவது கோப்பு

மூன்று நாளாகக் கனகசபை வீட்டில் விளக்கு, விசிறி, கதவு எல்லாவற்றையும் இயக்கும் மனைமூளை தடுமாறிக்கொண்டிருந்தது. மின்விசிறி தானாக நிற்கும், ஓடும். குளியலறையில் வெந்நீர் கேட்டால் வாசல் விளக்கு எரியும். சனியன், ஒரு வாய் காபி நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை!

மகள் ஆதிரை பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடலடி நகரத்தில் மூன்று வருஷ வேலை. ஒன்பது மணிக்கு நீர்மூழ்கி. அப்பாவுக்கு இஷ்டமில்லை. அவளோடு பேச்சை நிறுத்திவிட்டு, கோபத்தையெல்லாம் மனைமூளையைப் பழுதுபார்ப்பதில் காட்டினார்.

செப்பனி என்ற பழுதுநீக்கும் நிரலை ஓடவிட்டார். ஒவ்வொரு கோப்பையும் கம்பெனியின் மூலப்படியோடு ஒப்பிட்டு, ஒத்துவராததை அழித்துவிட்டு அசலை வைப்பதுதான் அதன் வேலை.

"சேதமான கோப்புகள் நாற்பத்தொன்று. பட்டியலைப் பார்க்கிறீர்களா?"

"பட்டியல் என்னத்துக்கு? எல்லாத்தையும் சரி பண்ணு."

அதில் நாற்பது உண்மையிலேயே கெட்டுப்போனவை. கடைசிக் கோப்பின் பெயர் 'விடைபெறல்'. அது கெடவில்லை, அவர் மனைவி தமயந்தி மாற்றியது. பன்னிரண்டு வருஷம் முன்பு, பள்ளிக்கூடம் கிளம்பிய ஆதிரை "போறேன்" என்றபோது பதறிப்போன தாய், வீட்டுக்கே சொல்லிக்கொடுத்தாள்: யாராவது 'போறேன்' என்றால் கதவைத் திறக்காதே, 'வரேன்னு சொல்லு' என்று கேள். அன்றிலிருந்து அந்த வேலையை வீடே பார்த்துக்கொண்டது. தமயந்தி பிறகு ஒருநாளும் தன் வாயால் அதைச் சொன்னதில்லை.

மூலப்படியை எழுதியவர்களுக்குத் தமிழ் அகராதி தெரியும், தமிழ் வாசற்படி தெரியாது. 'போறேன்' என்றால் போகிறார். கதவைத் திற, வசிப்போர் பட்டியலிலிருந்து பெயரை எடு. அவ்வளவுதான்.

விசிறி சீராகச் சுழன்றது. "பாத்தியா?" என்று கனகசபை மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஆதிரை பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் போறேன்."

சொல்லிவிட்டு நின்றாள். எவ்வளவு சண்டை என்றாலும் வீடு விடாது; அது கேட்கும், இவள் முணுமுணுப்பாகவாவது 'வரேன்' என்பாள். அதற்காகவே காத்திருந்தாள்.

கதவு உடனே திறந்தது. "வசிப்போர்: இருவர்."

ஆதிரையின் முகம் வெளுத்தது. "என் பேரையே எடுத்துட்டீங்களாப்பா?"

"ஐயோ, இல்லடி..." தமயந்திக்கு வாய் குழறியது. பன்னிரண்டு வருஷமாக வீடு சொன்ன அந்த ஒரு வார்த்தை அவள் நாக்குக்கு வரவே இல்லை. அதற்குள் ஆதிரை மின்தூக்கியில் இறங்கிவிட்டாள்.

"என்னங்க, அதையும் சேத்தா அழிச்சீங்க? புள்ளைய நிறுத்துங்க!"

கனகசபையின் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, செருப்பைக்கூடத் தேடாமல் வாசலுக்குப் பாய்ந்தார்.

"நீ இரு, நான் போறேன்!"

கதவு அவருக்கும் மரியாதையாக வழிவிட்டது. "வசிப்போர்: ஒருவர்."

"வரேன்னு சொல்லுங்க!" என்று தமயந்தி அலறினாள். அதற்குள் கதவு மூடியிருந்தது.