வெளியேறிய நேரம்

கலைக்கு மரணமில்லை. எங்கள் கலைக்கூடத்தின் வாசல் நெற்றியில் பித்தளை எழுத்துகளில் அப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் மூன்று எழுத்துகள் போன மழையில் கழன்று விழுந்துவிட்டன. திருகாணி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

மானியக் குழுவிலிருந்து அதிகாரியம்மா வந்து இறங்கியபோது காலை பதினொரு மணி. சுள்ளென்று வெயில். பேய் பிசாசுக்கு ஏற்ற நேரமில்லைதான். ஆனால் நடந்தது அப்போதுதான், நான் என்ன செய்ய?

அத்தான் வாசலுக்கே ஓடி வரவேற்றார். அவர் என் அக்காவின் கணவர், கூடத்தின் இயக்குநர். நான் வாசல் மேசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவள். மச்சினிக்கு வேலை போட்டுக் கொடுத்தார் என்று பேசுவார்கள். பேசட்டும், உண்மைதானே.

கூடம் ஒரு காலத்தில் காசநோய் வார்டாக இருந்தது. நீளமான ஒரே அறை, எட்டாத உயரத்தில் சன்னல்கள். இப்போது அங்கே ‘இன்மையின் இருப்பு’ என்றொரு கண்காட்சி. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள், வெள்ளையடித்து, வரிசையாக. மெத்தைகூட இல்லை. கட்டில்கள் எங்கள் சாமான் அறையிலேயே கிடந்தவை. கலைஞர் வரவில்லை. இன்மையைப் பற்றிய படைப்பு என்பதால் தானும் இல்லாமலிருப்பதே முறை என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மானியம் தொடர வேண்டுமென்றால் மூன்று மாதத்தில் முந்நூறு பார்வையாளர்கள் வர வேண்டும். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அதிலும் பாதி மழைக்கு ஒதுங்கிய கூட்டம். மானியம் நின்றால் அத்தானுக்கும் எனக்கும் ஒரே நாளில் வேலை போகும். எங்கள் வீட்டில் எரிவது ஒரே அடுப்பு.

“பேரை எழுதி ரொப்பு” என்றார் அத்தான், அதிகாரியம்மா வருவதற்கு முந்தின வாரம்.

“யார் பேரை?”

“யாராவது. ஊர் பேர் தெரியாதவங்களா பார்த்து எழுதேன்.”

கற்பனையில் ஒரு பக்கம் எழுதுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எல்லாம் என்னோடு பள்ளியில் படித்தவர்களின் பெயர்கள். கிழித்துப் போட்டேன். அப்போதுதான் சாமான் அறையில், கட்டில்களை எடுத்த இடத்தில் கிடந்த பழைய வார்டுப் பதிவேடு கண்ணில் பட்டது. பெயர், தொழில், உள்ளே வந்த நேரம், எல்லாம் தயார். ஒரு தையற்காரர், வயது முப்பத்து நான்கு. ஒரு தபால்காரரின் மனைவி. ஒரு கணக்கு வாத்தியார்.

“செத்தவங்க வந்து ஆட்சேபணை பண்ணப் போறாங்களா?” என்றார் அத்தான்.

இருநூற்று ஐம்பத்தெட்டுப் பேர். வரி விடாமல் எழுதினேன். நாற்பத்தொன்றையும் சேர்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

ஒன்று குறைந்தது.

“உங்க அக்கா பேரைப் போடு. ஆறு வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்றா. வந்துட்டதா வெச்சுக்குவோம்.”

போட்டேன்.

அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

“எல்லாரும் உள்ள வந்திருக்காங்க. யாருமே வெளிய போன மாதிரி தெரியலையே?”

வெளியேறிய நேரம் என்ற பத்தி கடைசிவரை காலி; நிஜமாக வந்தவர்களுக்கும் நான் அதை நிரப்பியதில்லை. பழைய பதிவேட்டிலும் அது காலியாகத்தான் இருந்தது. உள்ளது உள்ளபடி எழுதியிருந்தேன்.

“அதானே மேடம் இந்தப் படைப்போட வெற்றி” என்றார் அத்தான், இமைக்காமல். “உள்ள வந்தவங்க மனசளவுல வெளிய போறதே இல்ல.”

அதிகாரியம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, “கருத்துப் பத்தி பக்கம் பக்கமா நிரம்பியிருக்கு. நல்ல பங்கேற்பு” என்றார்.

கருத்துப் பத்தியில் நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

எட்டிப் பார்த்தேன். பென்சிலில், நடுங்கிய கையெழுத்தில், வார்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரே சொல்.

தண்ணி.

பக்கத்தைத் திருப்பினார். தண்ணி. தண்ணி. தண்ணி.

“ஒரு கூட்டு எதிர்வினை. இல்லையா?”

“ரொம்ப நுணுக்கமா பாக்குறீங்க மேடம்” என்ற அத்தான், என் பக்கம் திரும்பிப் பாராட்டுவதுபோல் தலையாட்டினார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் பினாயில் வாடை முகத்தில் அடித்தது. நாங்கள் பினாயில் வாங்கி இரண்டு வருடமாகிறது. அந்த வாடைக்குக் கீழே இன்னொன்று இருந்தது, வெகுநாள் கழற்றாத சட்டையின் புளித்த வாடை. எங்கோ ஒரு கட்டில் கிறீச்சிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. தூக்கம் வராதவர்கள் புரண்டு படுப்பதுபோல.

“அந்த ஆர்ட்டிஸ்ட் சவுண்ட் வேற வெச்சிருக்கானா? சொல்லவே இல்ல” என்று அத்தான் என் காதில் கிசுகிசுத்தார்.

“ஸ்பீக்கரே கிடையாது அத்தான்.”

அத்தான் அலுவல்முறைப்படி சிரித்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

பதினொரு கட்டில்களின் கம்பிவலைகள் நடுவில் தொய்ந்திருந்தன. பன்னிரண்டாவது மட்டும் விறைப்பாக இருந்தது. அதன் கால்மாட்டில் ஒரு தகரப் பலகை. முந்தின நாள் இல்லாத பலகை.

அதில் அக்காவின் பெயர்.

என் கையெழுத்து.

அக்காவுக்கு போன் போட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லடி. காலையிலேர்ந்து ஒரே தாகம். குடத்தையே காலி பண்ணிட்டேன், அடங்க மாட்டேங்குது.”

“எங்க இருக்க?”

“உங்க வாசல்லதான். ஏன் வந்தேன்னுதான் தெரியல.”

“உள்ள வராதக்கா!”

வந்துவிட்டாள். வீட்டு நைட்டியில், தலைகூட வாராமல். என்னைக் கடந்து போய்ப் பன்னிரண்டாவது கட்டிலில் உட்கார்ந்தாள். கம்பி தொய்ந்தது.

“எழுந்திரு. வா, வீட்டுக்குப் போலாம்” என்று அத்தான் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

அக்கா இருமினாள். நீளமான, வறண்ட இருமல். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“டாக்டர் இன்னும் சொல்லலீங்களே.”

அதிகாரியம்மா மெல்லக் கை தட்டினார். “நிகழ்த்துகலையும் உண்டா!”

பதினொரு நாள் ஆகிறது. முதல் நாளே அக்காவை நான்கு பேராகத் தூக்கினோம். நிலைப்படியில் அவள் மூச்சு நின்றது. உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்ததும் திரும்பியது. மேசைக்கு ஓடி, அவள் பெயருக்கு நேரே வெளியேறிய நேரத்தை எழுதினேன். மை காய்ந்தது, வெளுத்தது, பத்தி பழையபடி காலியாகிவிட்டது. பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தின் தலையில் அதே பெயர் இருந்தது.

மானியம் தொடர்கிறது. கண்காட்சியை ஓராண்டு நீட்டித்திருக்கிறார்கள். இப்போது வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அக்காவோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தான் அவள் காலடியில் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். “இவரும் படைப்புல சேர்த்தியா?” என்று நேற்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன்.

தினமும் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறேன். வாசலில் நிறைந்திருக்கும் பாட்டில் ஒவ்வொரு கட்டிலைத் தாண்டும்போதும் கனம் குறைகிறது. பன்னிரண்டாவதை எட்டும்போது ஒரு சொட்டும் இருப்பதில்லை. அக்கா உதட்டைத் தடவிக்கொண்டு, “பரவாயில்லடி, அவங்கெல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க” என்கிறாள்.

இன்று காலை பதிவேட்டைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே, அவளுடைய குண்டுகுண்டான எழுத்தில், அந்தச் சொல் இருந்தது.

கூடத்துக்குள் ஒரு குழாய் போட்டுத் தரும்படி குழுவுக்கு மனு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. மானியம் கலைக்கு மட்டும்தானாம்.

எங்கள் கலைக்கூடத்தில் குடிதண்ணீர் வசதி கிடையாது.