பாச வாரண்ட்

பியூலா தன் தம்பியைத் திருடன் என்று புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, அவன் திருடியதாக அதில் சொல்லியிருந்த தங்கச் சங்கிலி அவள் கழுத்திலேயே கிடந்தது. வக்கீல் குமாஸ்தா உலகநாதன் அதைக் கவனித்துவிட்டு, "சேலைய இழுத்து மூடிக்கோம்மா. ஜட்ஜம்மாவுக்குத் தெரியாமலா இருக்கு, இருந்தாலும் கோர்ட்டுக்குன்னு ஒரு மரியாத வேணும்லா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தாள். தம்பி ஜெபசீலன் வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

தேடுகண் வந்த பிறகு ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையாக இல்லை. விளக்குக் கம்பம், பேருந்துக் கதவு, டீக்கடை வாசல், பள்ளிக்கூட கேட்டு என்று எங்கு பார்த்தாலும் அந்தக் கண்ணாடிக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தையும் நடையையும் வைத்து, இவர் இன்னார், இந்த நேரத்தில் இங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடும். ஆனால் கண்டவனெல்லாம் கண்டவளைத் தேட ஆரம்பித்ததும் நாடு நாறிப்போயிற்று. அடி பொறுக்காமல் ஓடிவந்த மனைவியின் வாசலில் அடித்தவனே வந்து நின்றான். அதனால் சட்டம் போட்டு இறுக்கிப் பூட்டினார்கள். வயது வந்த ஒருவர் தன் இஷ்டத்துக்கு எங்கோ போனால், பெற்றவர் கேட்டாலும் போலீஸ் கேட்டாலும் தேடுகண் வாய் திறக்காது. நீதிமன்றத்தின் பிடியாணைக்கு மட்டும்தான் திறக்கும். அப்போதும் ஆள் இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாது. அந்த ஆளை மட்டும் கூப்பிடும்.

கூப்பிடுவது பழைய வழக்கப்படிதான். முன்பெல்லாம் கோர்ட் வராந்தாவில் டவாலி நின்றுகொண்டு மூன்று முறை பேர் சொல்லிக் கத்துவார். வராவிட்டால் வாரண்ட். இப்போது வாரண்ட் ஆன பிறகும் அந்தக் குரல் விடுவதில்லை. ஆள் எந்த ஊரில் நிற்கிறாரோ, அங்கே பக்கத்தில் இருக்கிற குமிழில் உள்ள விளிப்பான் அதே மூன்று முறை கூப்பிடும். தகப்பன் பெயர், ஊர், என்ன வழக்கு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லும். வந்து ஆஜராகாவிட்டால் பேங்கு, பேருந்து, ரேஷன் எல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். நல்ல சட்டம்தான். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நம்மூர் ஆட்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

காணாமல் போனவன் மேல் கேஸ் போட்டுவிட்டால் போதும். கோர்ட்டே தேடித் தரும். பிள்ளையைத் தொலைத்த தாய், புருஷனைத் தொலைத்தவள், அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுப் பிறகு தூக்கம் வராமல் புரண்டவன் என்று அந்தத் தாலுகாவே கோர்ட் வாசலில் நின்றது. போலீஸ்காரர்கள் இதற்குப் பாச வாரண்ட் என்று பேர் வைத்தார்கள். வழக்குகள் எல்லாம் திறந்த ஏட்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் தன் பாஷையில் படித்துக்கொள்ளலாம். வீடு வாடகைக்குக் கொடுக்கிறவரும் பெண் கொடுக்கிறவரும் அதைப் புரட்டிப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை. ஆனால் 'திருட்டு, புகார் கொடுத்தவர் தாயார்' என்று கண்டால், அந்தத் தாலுகாக்காரர்கள் 'பாவம்' என்று உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள்.

பியூலாவுக்கும் முதலில் கை கூசத்தான் செய்தது. திருட்டு என்றுதான் எழுத வேண்டுமா, வேறு எதுவும் இல்லையா என்று கேட்டாள். சின்ன வழக்கு என்றால் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்குமே தவிர வாரண்ட் வராது என்றும், அடிதடி என்றால் காயம் காட்ட வேண்டும் என்றும் உலகநாதன் விளக்கினார். "நம்ம சாரா டீச்சர் மவன்மேல இதேதான் போட்டா. இப்ப பேரன மடியில வச்சு சோறு ஊட்டுதா. நீ ஏன் கெடந்து முழிக்க?" என்றார். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது சீலன் பால்பல் விழாத பிள்ளை. அவள்தான் வளர்த்தாள். பேருந்து நிலையத்தில் பால் பூத் வைத்து, வந்த மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்து, அவன் சாப்பிட்டானா, யாரோடு பேசினான், ஏன் கால் மணி நேரம் தாமதம் என்று கேட்டுக் கேட்டு வளர்த்தாள். அவன் ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினான், போனவன் போனவன்தான். சண்டை இல்லை, கடிதம் இல்லை. அதற்குப் பிறகு பேருந்திலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே அவள் பால் ஊற்றினாள். கை தானாக ஊற்றும், கண் படிக்கட்டில் இருக்கும். அவன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று வேண்டினாள். பொய், அது மட்டும் போதாது. அவன் திரும்பி வீட்டுக்கு வர வேண்டும்.

சம்மன் அவனுடைய கடைசி முகவரிக்கு வந்தது. அதாவது அவள் வீட்டுக்கே. கொண்டுவந்தவரிடம், ஆள் இல்லை என்று புகார் கொடுத்தவளே சொல்லி அனுப்பினாள். விசாரணை நாளில் டவாலி மூன்று முறை கூப்பிட்டார், வராந்தாவில் யாரும் அசையவில்லை, வாரண்ட் ஆயிற்று. சில நாள் கழித்து உலகநாதன் பூத்துக்கே வந்து, ஆள் கிடைத்துவிட்டான், ஆஜராக ஒப்புக்கொண்டான் என்று சொன்னார். பியூலா பால் பாக்கெட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினாள். அவன் அறைக்குப் புது மெத்தை வாங்கினாள், சுவருக்கு வெள்ளையடித்தாள். ஆஜராகிற அன்று விடியற்காலையிலேயே எழுந்து, அவனுக்குப் பிடித்த கூட்டாஞ்சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள்.

வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தவனை அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தேடுகண்ணுக்குத் தெரிந்தது கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமல் போயிற்று. மெலிந்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் போய், "சீலா" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு கோர்ட் கதவைப் பார்த்தான். அவ்வளவுதான்.

உள்ளே வேலை சீக்கிரம் முடிந்தது. பியூலா புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, காணாமல் போன சங்கிலி கிடைத்துவிட்டதா என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றாள். கழுத்தில் கிடக்கிறதுதானே என்றார் அவர். கோர்ட்டே சிரித்தது. வக்கீல்கள் சிரித்தார்கள், டவாலி சிரித்தார், பியூலாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த மாதிரி வழக்கு அங்கே தினம் நாலைந்து நடக்கும், எல்லாம் இப்படிச் சிரிப்பில்தான் முடியும். திருட்டு என்ற வரி அப்படியே இருக்க, அதன் கீழே சமரசம் ஆயிற்று, பிடியாணை நீக்கப்பட்டது என்று ஏட்டில் ஏறியது. கூண்டில் நின்றவன் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நிழலில்தான் அவன் பேசினான். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அங்கே, அங்கே என்றே சொன்னான். நம் பாஷை தெரியாத ஊர். அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டினான். மஞ்சுளா என்று ஒருத்தியைக் கட்டியிருந்தான், அவளுக்கு முன்பே ஒரு பெண் குழந்தை, அவனை அப்பா என்றுதான் கூப்பிடும். காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டிலிருந்த விளிப்பான் கூப்பிட்டது. ஜெபசீலன், தகப்பன் தேவசகாயம், திருட்டு வழக்கு. அங்கத்து பாஷையிலேயே சொன்னது. அவன் கையில் அப்போது ஒரு குழந்தை இருந்தது. அதன் தாய் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கே வேலை போயிற்று. வீட்டுக்காரர் திறந்த ஏட்டைப் பார்த்துவிட்டுக் காலி செய்யச் சொன்னார்.

"மஞ்சுளா ஒரு வார்த்த கேக்கலக்கா," என்றான். "பிள்ள கையில கெடந்த வளையலக் கழட்டி உள்ள வச்சிப் பூட்டுனா. நான் பாக்கலன்னு நெனச்சுட்டா."

பியூலா அவன் கையைப் பிடித்தாள். "நான் பேசுதேம்ல அவகிட்ட. இது பாச வாரண்ட்டு, எங்க ஊர்ல எல்லாரும் போடுததுன்னு சொல்லுதேன்."

"எந்த பாஷையில சொல்லுவ? இங்க எல்லாருக்கும் தெரியும், சிரிக்காங்க. அங்க எழுத்துல என்ன இருக்கோ அதுதான் நான். அந்த ஊர்ல நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா. நல்லவன்னு மட்டும் தெரியும்."

அவள் அழுதாள். இவ்வளவு காலம் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டாள். "ஏம்ல போன? நான் என்னல கொற வச்சேன்?"

கோபம் இருந்த அவன் முகத்தில் இப்போது களைப்புதான் இருந்தது. "கொற ஒண்ணும் இல்ல. நீ பாக்காத எடத்துல ஒரு நாள் இருந்து பாப்போம்னு போனேன். நல்லா இருந்துச்சு," என்றான்.

கூட்டாஞ்சோறு ஆக்கி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டாவது போ என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றான். முகவரி கேட்டாள், தலையை அசைத்து மறுத்தான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனான். வாரண்ட் நீங்கியதால் பேருந்துக் கதவு அவனுக்குத் தடையில்லாமல் திறந்தது. அவள் வீட்டுக்கு வந்து, ஆறிப்போன சோற்றின் முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

வாரம் திரும்புவதற்குள் உலகநாதனிடம் போய் நின்றாள். இன்னொரு கேஸ் போட வேண்டும் என்றாள். முடியாது என்றார் அவர். சமரசத்தில் நீக்கிய ஆணையை அதே ஆள் அதே ஆள்மேல் மறுபடி எழுப்ப முடியாது, ஒருவருக்கு ஒரு தடவைதான். அப்படியானால் நான் போட்டது பொய்க் கேஸ் என்றாவது ஏட்டில் எழுதச் சொல்லுங்கள், என் தம்பி திருடன் இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் படிக்கட்டும், அதற்காக நான் ஜெயிலுக்குப் போனாலும் சரி என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ ஒருத்தி உண்மையச் சொன்னா, இந்தத் தாலுகாவுல பாதிப் பேரு உள்ள போவணும்மா. நான்தான் மொத ஆளு. பேசாம வீட்டுக்குப் போ."

பேசாமல்தான் போனாள். ஆனால் மனது பேசாமல் இருக்கவில்லை. இனி அவளால் அவனைத் தேட முடியாது. அவன்தான் அவளைத் தேட வேண்டும். என்றைக்காவது தேடுவான். ரத்தம் ரத்தம்தானே. ஆனால் அக்கா அதே வீட்டில், அதே பால் பூத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இருக்கிற இடம் தெரிந்தவளை எதற்குத் தேடப் போகிறான்? தேடுவதற்குத் தொலைய வேண்டும். அதை நினைத்தபோது அவளுக்கே கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இருந்தாலும் பூத்தை விற்றாள், வீட்டைப் பூட்டினாள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் திண்டுக்கல்லுக்குப் போய், பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவன் ஊருக்கு வருவான். பூட்டைப் பார்ப்பான். விசாரிப்பான், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவனுக்கும் வேறு வழி இருக்காது. திருட்டு என்று எழுதுவானோ, வேறு என்ன எழுதுவானோ. கொலை என்றே எழுதட்டும். கடைத்தெருவில் நூறு பேர் முன்னால் விளிப்பான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், அவள் தலை நிமிர்ந்து நிற்பாள். காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் குமிழ் இருக்கிற கம்பத்துக்குக் கீழே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வாள். அது ஒன்றும் சொல்லாது.

தன் பேரில் அவன் வழக்கு ஏதும் போட்டிருக்கிறானா என்று கைபேசியில் திறந்த ஏட்டைப் பார்த்துப் பார்த்து அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. விடுமுறை கிடைக்கிற நாளில் கோர்ட்டுக்கே போய் உதவி மேசையில் வரிசையில் நிற்பாள். வரிசையில் நிற்கிற மற்றவர்கள் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு, தங்கள் பேரில் ஏதும் இருந்துவிடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

வேறு கோர்ட்டிலிருந்து மாற்றலாகி அந்த மேசைக்குப் புதிதாக வந்திருந்தவர் நல்ல மனிதர். எல்லா ஜில்லாவும் பார்க்கச் சொன்னாள், பார்த்தார். வெளி மாநிலமும் பார்க்கச் சொன்னாள், அதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"பயப்படாதீங்கம்மா. இந்தியா முழுக்கப் பாத்துட்டேன், உங்கள யாருமே தேடல," என்றார்.

பியூலா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வழக்கு இல்லை என்று கேட்டதும் நிம்மதியில் அழுகிறவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். "அதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சுல்ல, சந்தோசமாப் போங்க" என்று சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.