பத்திரம் இல்லாத ஆக்சில்

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டியைக் கியரில் போட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பிடித்தால் இரண்டும் நிற்கும். பின் ஆக்சில் என்றால் அதுதான் நியாயம். அன்று காலை மாட்டிய ஆக்சிலைச் சோதிக்க அப்படிச் சுற்றி, தர்மலிங்கம் இறுக்கிப் பிடித்தார். வலது சக்கரம் இன்னும் அரைச்சுற்று சுற்றிவிட்டுத்தான் நின்றது.

"யார்ரா அங்க?"

குனிந்து பார்த்தார். ஜாக்கி, கிரீஸ் துணி, அந்தப்பக்கம் பெய்யும் மழை. ஆளில்லை.

மனைவி நவமணிக்கு வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு முறை தப்பினால் கால் வீங்கும். இரண்டு முறை தப்பினால் மூச்சு முட்டும். ஆக்சில் உடைந்ததில் இரண்டு முறை தப்பியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் தன் காரில் கூட்டிப்போகிறேன் என்றான். தர்மலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஏற்றிப் போய்விட்டு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

நாற்பத்தைந்து வருடத்துக் காருக்குப் புது ஆக்சில் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. குருண் பழைய இரும்புக்கடையில் அதே மாடல் வண்டி ஒன்று செடிகொடி மூடிக் கிடந்தது. கடைக்காரன் காளிதாசன் தலையை ஆட்டினான்.

"அது வேணாண்ணே. கெரேத்தா ஹந்து."

பத்திரம் இல்லாத திருட்டு வண்டிக்கு ஊரில் அதுதான் பேர். பேய்க் கார். தர்மலிங்கம் சிரித்தார்.

"ஆக்சிலுக்கு எதுக்குடா பத்திரம்? போலீஸ்காரன் என் வண்டிக்கு அடியில படுத்துப் பாப்பானா? வேற எவனுக்கோ எடுத்து வச்சிருக்க, அதச் சொல்லு."

"நான் அதச் சொல்லலண்ணே. ஒங்களுக்கு வேணும்னா சும்மாவே எடுத்துக்குங்க. நான் கழட்ட மாட்டேன்லா."

சும்மா தருகிறவனை அவர் நம்பியதே இல்லை. ஆனாலும் தானே படுத்துக் கழற்றினார். எண்ணெய் அடைப்பைத் திறந்தபோது எண்ணெய் வரவில்லை. கறுப்பாகத் தண்ணீர் வந்தது, கழிமுகத்துச் சேற்று நாற்றத்தோடு. வெள்ளத்தில் கிடந்த வண்டி, வேறென்ன என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் நவமணியைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினார். மழையில் செம்பனைத் தோப்பு இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வர, வைப்பர் முனக, மூடிய கண்ணாடிக்குள் எங்கிருந்தோ அந்தச் சேற்று நாற்றம் மெல்லக் கசிந்து ஏற, பின்பக்கம் மட்டும் ஆக்சிலுக்குரிய எந்தச் சத்தமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"நல்ல சாமானுங்க," என்றாள் நவமணி, மூச்சு வாங்கிக்கொண்டே. "பள்ளமே தெரியல."

அவருக்கும் தெரியவில்லை. அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் என்று அவர் இடுப்புக்குத் தெரியும். ஒன்றுகூடத் தட்டவில்லை.

பீடோங் சந்திப்பு வந்தது. நேரே போனால் சுங்கைப் பட்டாணி. ஸ்டேரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தார். வண்டி வலது பக்கம் திரும்பியது. கழிமுகத்துக்குப் போகும் தஞ்சோங் டாவாய் ரோடு.

பிரேக்கை மிதித்தார். நிற்கவில்லை.

ஹேண்ட்பிரேக்.

சாவியைத் திருப்பிப் பிடுங்கினார். எஞ்சின் செத்தது. வைப்பர் பாதியில் நின்றது. வண்டி போனது. அதே வேகம்.

ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடித்தார். முன்சக்கரம் ரோட்டைப் பிறாண்டியது. வண்டி போனது.

"நவமணி. எந்திரி. கதவத் தொற."

"முடியலங்க." பாதிக் குரல்தான் வந்தது. "ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

அவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, தலை ரோட்டில் உரசும் அளவுக்குத் தொங்கி, வண்டிக்கு அடியில் பின்னோக்கிப் பார்த்தார்.

பின்சக்கரங்கள் சுற்றவில்லை. தரையிலும் இல்லை. அவற்றுக்கு நடுவே, மழை ஓடும் தாரில், சேறு அப்பிய வெறுங்கால்கள் நான்கு, தோளில் சுமை இருக்கிறவர்களின் அவசரமில்லாத நடையில், ஒன்றாக அடியெடுத்து வைத்துப் போய்க்கொண்டிருந்தன.